கையுறை குழுந்தவர்கள்

நாற்பதைத் தாண்டிய பெண்ணை இன்னும் 'மாணவி' என்று எழுதுகிற இடம் பல்கலைக்கழகம் ஒன்றுதான். வீட்டில் அவள் மனைவி, அண்ணி, பெரியம்மா. தெருவில் அக்கா. துறை அலுவலகத்தில் மட்டும் மாணவி. 'மாணவி நேரில் வரவும்', 'மாணவி கையொப்பமிடவும்', 'மாணவி மீண்டும் திருத்தவும்'. கடைசியாகச் சொன்னது கணக்கு வழக்கில்லாமல் வரும். நாமும் அவளை மாணவி என்றே வைத்துக்கொள்வோம். அந்த எரிச்சல் நம் மேலும் கொஞ்சம் ஒட்டட்டும்.

அவள் செய்வது முனைவர் பட்டம். பாடத்தின் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் கேட்டவர் பஸ் ஏறிப் போய்விடுவார்: சமூக மற்றும் தொழில்-நிறுவன உளவியல். மனிதர்கள் கூட்டமாகச் சேர்ந்தால் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பது முன்பாதி. அதே மனிதர்கள் வேலை பார்க்கிற இடத்தில் ஏன் அப்படி நடந்துகொள்கிறார்கள் என்பது பின்பாதி. இரண்டையும் ஒரே துறையாக ஒட்டிவைத்த புண்ணியவான் யாரோ தெரியாது. ஒட்டினாரே தவிர பசை போடவில்லை.

தாழ்வாரத்தின் இடப்பக்கம் சமூக உளவியல், வலப்பக்கம் தொழில் உளவியல். இடப்பக்கத்துப் பேராசிரியைக்கு மாணவர்கள் வைத்த பெயர் 'சமூகம்'. வலப்பக்கத்துப் பேராசிரியர் 'தொழில்'. இருவர் அறைக்கும் எதிரெதிர்க் கதவு. ஒருவர் கதவு திறக்கும் சத்தம் கேட்டால் மற்றவர் கதவு சாத்திக்கொள்ளும். நடுவில் மாட்டிக்கொண்டவர் மாணவியின் வழிகாட்டி. நல்ல மனிதர், யார் என்ன சொன்னாலும் "அதுவும் சரிதான்" என்பார். அதனால் அவர் 'சரிதான் சார்'. இந்த மூன்று பேரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் பட்டம்.

மற்றதெல்லாம் அவள் முடித்தாயிற்று. இரண்டு பக்கத்துப் பாடங்களையும் படித்து எழுதினாள். புள்ளியியலில் ஒரு தடவை கோட்டை விட்டு மறுதடவை தேறினாள். மண்டை காய வைக்கும் தகுதித் தேர்வை எழுதினாள். முதலாண்டுப் பிள்ளைகளுக்குப் பருவம் முழுக்கப் பாடம் எடுத்தாள், ஒரு நிறுவனத்தில் களப்பயிற்சி முடித்தாள், ஆய்விதழில் கட்டுரை போட்டாள். ஒன்றை முடித்து நிமிர்ந்தால் அடுத்தது முளைத்திருக்கும். போதாததற்கு விதிமுறைக் கையேட்டை அடிக்கடி புதுப்பிப்பார்கள். பழைய கையேட்டின்படி முடித்தது புதிய கையேட்டின்படி முடியாததாகிவிடும். இப்போதைய கையேடு ஒரே ஒரு விஷயத்தில் தெளிவாக இருந்தது: இந்தப் பருவத்தோடு அவள் பதிவு காலாவதி. அதற்குள் வாய்மொழித் தேர்வு முடியவில்லையென்றால், தகுதித் தேர்விலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். இன்னொரு முறை தொடங்குகிற தெம்பு தனக்கு இல்லை என்பது அவளுக்கு நிச்சயமாகத் தெரியும்.

ஆய்வு என்னவோ நல்ல ஆய்வுதான். பார்சல் பிரிக்கும் ஒரு பெரிய கொட்டகையில், ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் போய் உட்கார்ந்து பார்த்தாள். பார்சலை நகர்த்தும் பெல்ட் தேய்ந்திருக்கும், கம்பி நீட்டிக்கொண்டிருக்கும், எல்லாருக்கும் தெரியும். மேற்பார்வையாளரிடம் யாரும் சொல்ல மாட்டார்கள். தெரிந்தும் ஏன் சொல்வதில்லை? இதுதான் அவளுடைய கேள்வி. யார் கையுறையும் தலைக்கவசமும் போடுகிறார்கள், யார் போடுவதில்லை, அதற்கும் பேசுவதற்கும் சம்பந்தம் உண்டா என்றெல்லாம் ஆராய்ந்து ஒரு அத்தியாயமே எழுதியிருந்தாள்.

சண்டை ஆய்வைப் பற்றி வந்திருந்தால் தாங்கிக்கொண்டிருப்பாள். வந்தது ஒரு சொல்லைப் பற்றி.

அந்தக் கொட்டகையில் பெல்ட்டுக்குப் பெல்ட் ஏழெட்டுப் பேர் சேர்ந்து வேலை செய்வார்கள். அவர்களை அவள் 'குழு' என்று எழுதியிருந்தாள். தொழில் சிவப்பு மையில் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பினார். "பஸ் ஸ்டாப்புல நிக்கிறவங்களும் குழுதான். ஒரே இலக்குக்காக வேலையைப் பங்கு போட்டுச் செய்றவங்களை 'அணி'ன்னு சொல்லணும். இதுகூடத் தெரியாம என் பாடத்துல எப்படிப் பாஸ் பண்ணீங்க?"

ஆய்வேடு முழுக்க உட்கார்ந்து கையாலேயே 'அணி' என்று மாற்றினாள். சமூகம் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "அணியா? என்னம்மா, பந்து விளையாடறாங்களா அங்கே? எங்க துறையோட அடிப்படைச் சொல்லே குழுதான். அதைத் தூக்கிட்டா நான் எதுக்கு இந்த ஆய்வுல இருக்கேன்?"

மறுபடி குழு. மறுபடி அணி. வழிகாட்டியிடம் போய் நின்றாள். "சார், நீங்களே ஒரு முடிவு சொல்லுங்க."

"மேடம் சொல்றது சரிதான்மா," என்றார் அவர். "சார் சொல்றதும் சரிதான்."

"அப்ப நான் என்ன எழுதட்டும்?"

"அது நியாயமான கேள்விதான்," என்றார்.

இவரை வைத்துக்கொண்டு என்ன செய்வது, சொல்லுங்கள். கழுத்தைப் பிடித்து நெரிக்கவும் முடியாது, வழிகாட்டி.

கடைசியில் ஒருநாள் துறைக் கூட்டத்தில், தொழிலுக்கு ஊருக்குப் போகிற அவசரம். "சரி, குழுன்னே போட்டுத் தொலைங்க" என்று சொல்லிவிட்டு எழுந்துபோனார். அவர் மனசு மாறுவதற்குள் மாணவி வீட்டுக்கு ஓடிவந்து கணினி முன்னால் உட்கார்ந்தாள். இந்த முறை கையால் மாற்றுகிற பொறுமை இல்லை. கணினியிடமே 'அணி' வரும் இடமெல்லாம் 'குழு' போடச் சொன்னாள். அதிலும் ஒரு சாமர்த்தியம் செய்தாள். வெறுமனே மாற்றினால் 'அணியில்' என்பது 'குழுயில்' என்று பல்லை இளிக்கும். அதனால் முதலில் 'அணிய' என்று வருகிற இடத்தையெல்லாம் 'குழுவ' என்று மாற்றினாள். குழுவில், குழுவை, குழுவாக என்று கச்சிதமாக வந்து உட்கார்ந்தன. பிறகு மிச்சமிருந்த 'அணி'யையெல்லாம் 'குழு' ஆக்கினாள். தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டாள்.

அச்செடுத்த பிரதியைக் கணவரிடம் நீட்டினாள். அவர் லிஃப்ட் மெக்கானிக். அப்போதுதான் வேலையிலிருந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தார்.

"பக்க எண் வரிசையா இருக்கான்னு மட்டும் பாருங்க. உள்ளே போகாதீங்க, குழம்பிடுவீங்க."

"சரி," என்று கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். எதுவும் கேட்கவில்லை. படிப்பு தொடங்கிய புதிதில் அவளை 'டாக்டர்' என்று கூப்பிட்டுக் கேலி செய்தவர்தான். அந்தக் கேலி எப்போதோ நின்றுபோயிருந்தது. இத்தனை வருஷ இழுபறிக்குப் பிறகு யார்தான் கேலி செய்வார்கள்.

"எல்லாம் வரிசையா இருக்கு," என்று திருப்பிக் கொடுத்தார். மறுநாள் ஆய்வேடு போய்ச் சேர்ந்தது.

அதற்குப் பிறகு அவள் அதன் மூஞ்சியில் விழிக்கவில்லை. பார்த்தாலே குமட்டிக்கொண்டு வரும் நிலைமை. மூன்று பேரும் சீக்கிரமே அறிக்கை கொடுத்தார்கள். 'ஆய்வேட்டை முழுவதும் படித்துச் சரிபார்த்தோம்' என்று அச்சடித்த வரிக்குக் கீழே மூன்று கையெழுத்து. சமூகம் மட்டும் கூடுதலாக ஒரு வரி எழுதியிருந்தார்: 'கலைச்சொல்லாட்சி மிகவும் முதிர்ச்சியுடையது.' இத்தனை வருஷத்தில் அந்த அம்மாள் வாயிலிருந்து வந்த முதல் பாராட்டு. மாணவி அதை இரண்டு மூன்று தரம் படித்தாள்.

வாய்மொழித் தேர்வன்று தாழ்வாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே நாற்காலி இழுக்கும் சத்தம். கூப்பிட இன்னும் நேரமிருந்தது. சும்மா இருக்க முடியாமல் ஆய்வேட்டைப் பிரித்தாள். மூன்றாம் அத்தியாயம் வந்தது.

'கையுறை குழுந்த தொழிலாளர்கள், கையுறை குழுவாத தொழிலாளர்களைவிட மேற்பார்வையாளரிடம் குறைவாகவே பேசினர்.'

தூக்கிவாரிப் போட்டது. மறுபடி படித்தாள். குழுந்த. அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். 'தலைக்கவசம் குழுவும் பழக்கம்.' அடுத்தது. 'ஒரே நிறச் சட்டை குழுந்து வருவோர்.' கணினி சொன்னபடி செய்திருந்தது. அணி என்ற சொல் எங்கெல்லாம் இருந்ததோ அங்கெல்லாம் குழு. கையுறையை அணிந்தால் என்ன, தலைக்கவசத்தை அணியாவிட்டால் என்ன, அதற்கு எல்லாம் ஒன்றுதான். அத்தியாயம் முழுக்க ஜனங்கள் குழுந்துகொண்டும் குழுவாமலும் திரிந்தார்கள்.

முதலில் காது சூடானது. பிறகு, அறிக்கை ஞாபகம் வந்தது. முழுவதும் படித்துச் சரிபார்த்தோம். கலைச்சொல்லாட்சி முதிர்ச்சி. அட பாவிகளா, ஒருவர்கூடப் படிக்கவில்லை. ஒரு சொல்லுக்காக அவளைத் தாழ்வாரத்தின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பந்தாடியவர்கள், அந்தச் சொல் இருக்கும் பக்கத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அவள் பாதி ஆயுளை விழுங்கிய ஆய்வேட்டை மூன்று பேரும் தூசி தட்டாமல் கையெழுத்துப் போட்டுத் தள்ளியிருக்கிறார்கள். அழுகை வந்தது. ஆத்திரம் அதை முந்திக்கொண்டது.

ஆனால் கையேடு என்று ஒன்று இருக்கிறதே. தேர்வின்போது பேராசிரியர்கள் குறித்துக்கொடுக்கும் திருத்தங்களை மட்டும்தான் செய்யலாம். அவர்கள் குறிக்காவிட்டால் ஒரு புள்ளியைக்கூடத் தொடக்கூடாது, அப்படியே நூலகத்துக்குப் போய்விடும். சொன்னால், படிக்காமல் கையெழுத்துப் போட்ட குட்டு வெளியே வரும். மானம் போன கோபத்தில் 'ஆய்வேடு சரியில்லை, அடுத்த பருவம் வாருங்கள்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பதிவு காலி. வாயை மூடிக்கொண்டால் பட்டம். எந்தப் பைத்தியக்காரன் நூலகத்தில் ஆய்வேட்டை எடுத்துப் படிக்கப் போகிறான்? மூடிக்கொள்வது என்று முடிவு செய்துகொண்டுதான் உள்ளே போனாள்.

கேள்விகள் சாதுவாகவே வந்தன. சமூகம் கோட்பாட்டைக் கேட்டார், அவள் சொன்னாள். தொழில் புள்ளிவிவரத்தைக் கேட்டார், சொன்னாள். வழிகாட்டி ஒவ்வொன்றுக்கும் சரிதான் என்றார்.

"கடைசியா ஒண்ணு," என்றார் தொழில். "உங்க ஆய்வு முடிவை ஒரே வரியில சொல்லுங்க."

"பயத்துனால யாரும் பேசாம இருக்கிறதில்ல சார். முதல்ல சொல்லிப் பார்க்கிறாங்க. காதுல ஏறலைன்னு தெரிஞ்சதும் அலுத்துப்போய் விட்டுடறாங்க. அப்புறம் கண்ணெதிர்ல தப்பு நடந்தாலும் வாயைத் திறக்கிறதில்ல."

"தெளிவா இருக்கு," என்றார் சமூகம். சரிதான் சார் பேனாவைத் திறந்தார்.

அவள் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது. இதைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு எப்படி உட்கார்ந்திருப்பது? அவளால் முடியவில்லை, அவ்வளவுதான்.

"சார், கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி மூணாம் அத்தியாயத்தைக் கொஞ்சம் எடுங்க," என்றாள். மூவரும் எடுத்தார்கள். அவள் அந்த வரியை நிறுத்தி நிதானமாகப் படித்தாள். "மேடம், 'கையுறை குழுந்த தொழிலாளர்கள்'னா என்ன அர்த்தம்?"

சமூகம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது வந்து, சார் பக்கத்துச் சொல். பாதுகாப்பு உடை சம்பந்தமா அவங்க அப்படி ஏதோ சொல்லுவாங்க."

"என் பக்கமா?" தொழில் நிமிர்ந்தார். "நான் உங்க சொல்லுன்னுல்ல நினைச்சேன். ஒரே மாதிரி உடுப்புப் போட்டா நாம ஒரு குழுங்கிற உணர்வு வருதுல்ல, அதைத்தான் நீங்க குழுவுதல்னு சொல்றீங்கன்னு..."

"நான் எப்ப சொன்னேன்?"

"பின்ன, கலைச்சொல் முதிர்ச்சின்னு எழுதினது யாரு?"

"உங்க சொல்லாச்சே, குறை சொன்னா நீங்க சண்டைக்கு வருவீங்கன்னுதான் பாராட்டி வச்சேன்."

இருவரும் ஒரே நேரத்தில் வழிகாட்டியின் பக்கம் திரும்பினார்கள். அவர் பேனாவை மூடினார். "நீங்க ரெண்டு பேரும் கலந்து பேசி முடிவு பண்ண சொல்லுன்னு நான் விட்டுட்டேன்," என்றார்.

"நாங்களா? கலந்து பேசியா?" என்றார்கள் இருவரும்.

மாணவிக்குத் தலை சுற்றியது. "அப்ப மூணு பேரும் படிச்சீங்களா?"

"என்ன கேள்வி இது," என்றார் தொழில். நிஜமாகவே அவருக்குச் சுருக்கென்று தைத்திருந்தது. "வரி விடாம படிச்சேன். அந்த இடத்துல பென்சில்ல கேள்விக்குறிகூடப் போட்டேன். அப்புறம் அழிச்சிட்டேன்."

"ஏன் சார் அழிச்சீங்க?"

அவர் எதிர்ச்சுவரைப் பார்த்தார். "இது தெரியாதா உங்களுக்குன்னு மேடம் கேட்டுட்டா?"

நடந்ததை அவள் சொன்னாள். கணினி, அணி, குழு, தன் சாமர்த்தியம். முதலில் சிரித்தது சமூகம். தொழிலுக்கும் தொற்றிக்கொண்டது. தாழ்வாரத்தின் இருபக்கமும் சேர்ந்து சிரித்ததை அந்தக் கட்டடம் அதற்கு முன் பார்த்திருக்காது. ஆனால் பேராசிரியர்கள் சிரித்துவிட்டுச் சும்மா இருப்பார்களா?

"இது ஒரு கண்டுபிடிப்பும்மா," என்றார் தொழில். "தனக்கு மட்டும்தான் தெரியலைன்னு ஒவ்வொருத்தரும் நினைச்சு, எல்லாரும் சும்மா இருந்திருக்கோம். ஒரு அத்தியாயம் சேர்த்துடுங்க. ஒரு அணிக்குள்ள எப்படி மௌனம்..."

"குழுவுக்குள்ள," என்றார் சமூகம்.

"நாம மூணு பேரும் ஒரு வேலையைப் பங்கு போட்டுத்தானே செய்றோம்? அப்ப அணிதான்."

"ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்க்காம செய்றது அணியா?"

மாணவி எழுந்து நின்றாள். வகுப்பில் பிள்ளைகள் கூச்சல் போடும்போது அவளுக்கு வரும் குரல் வந்தது. "நான் ஒரு வரிகூடச் சேர்க்க மாட்டேன். அத்தியாயம் வேணும்னா நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து எழுதுங்க. எனக்கு இன்னிக்குக் கையெழுத்து வேணும். அணிந்தன்னு திருத்தறதுக்கு அனுமதி வேணும். வேற எதுவும் வேண்டாம்."

சரிதான் சார் யார் முகத்தையும் பார்க்கவில்லை. பேனாவைத் திறந்து, 'சொற்பிழை திருத்த அனுமதி' என்று எழுதிக் கையெழுத்திட்டு, காகிதத்தைத் தள்ளினார். மற்ற இருவரும் போட்டார்கள். வெளியே வந்ததும் அவள் தாழ்வாரச் சுவரில் சாய்ந்துகொண்டாள். உடனே சந்தோஷம் வரும் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தாள். வந்தது அசதிதான். சந்தோஷம் பஸ்ஸில் பாதி வழியில்தான் வந்து சேர்ந்தது.

வீட்டுக்குள் நுழைந்தபோது கணவர் அடுப்படியில் டீ போட்டுக்கொண்டிருந்தார். அவளுக்காக அரைநாள் விடுப்பு எடுத்திருந்தார். முகத்தைப் பார்த்ததுமே, "கிடைச்சிடுச்சா?" என்றார். அவள் தலையாட்டினாள். அவர் கண் கலங்கியது. தம்ளரைக் கழுவுவதுபோல் திரும்பிக்கொண்டார்.

மேஜையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். பெஞ்சில் உட்கார்ந்து மிரண்டது, கண்ணாடியைத் துடைத்தது, பென்சிலை அழித்தது. அவர்கள் குரலிலேயே நடித்துக் காட்டினாள். "படிச்ச ஜென்மங்க, ஒண்ணுக்காவது கேட்கத் தோணிச்சா பாருங்க," என்று சொல்லிச் சிரித்தாள்.

அவரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். பிறகு, "ஓ, அப்ப அது தப்பா?" என்றார்.

"எது?"

"அந்தக் குழுந்த. பக்க எண் பார்க்கறப்ப கண்ணுல பட்டுச்சு. நான் தினமும் கையுறை போடறவன். என்னடா இப்படிப் போட்டிருக்குதேன்னு பார்த்தேன். சரி, உங்க படிப்புல அதுக்கு வேற அர்த்தம் இருக்கும்னு விட்டுட்டேன்."

"ஏங்க, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? அன்னிக்கே திருத்தியிருப்பேனே."

"முன்னாடியெல்லாம் கேட்பேன்ல," என்றார் அவர். குரலில் கோபமோ குத்தலோ இல்லை. பஸ் நேரம் மாறிவிட்டது என்று சொல்வதுபோல் சொல்லிவிட்டு டீயை ஆற்றினார்.

அவளுக்குச் சிரிப்பு நின்றுபோனது. ஆமாம், கேட்பார். முதல் வருஷம் பாடப் புத்தகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு இது என்ன, அது என்ன என்று உயிரை எடுப்பார். அவளுக்குப் பரீட்சை இருந்தது, வகுப்பு இருந்தது, அவசரம் இருந்தது. உங்களுக்குப் புரியாது, அப்புறம் சொல்றேன், இப்ப தொணதொணக்காதீங்க. எது கடைசிக் கேள்வி, அதற்கு அவள் என்ன சொன்னாள் என்று யோசித்துப் பார்த்தாள். நினைவில்லை. முன்பின் தெரியாத கொட்டகையில் போய் உட்கார்ந்து, முன்பின் தெரியாதவர்களிடம், நீங்கள் எப்போது சொல்வதை நிறுத்தினீர்கள், ஏன் நிறுத்தினீர்கள் என்று மாதக்கணக்கில் விசாரித்தவள். இந்த மேஜையில் விசாரித்ததில்லை. விசாரிக்கவும் வேண்டியிருக்கவில்லை. பதிலை இன்று காலைதான் ஒரே வரியில் சொல்லிப் பட்டம் வாங்கியிருந்தாள். வெட்கத்தில் அவளால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"இப்ப கேளுங்க," என்றாள். "எதுவா இருந்தாலும் கேளுங்க. உட்கார்ந்து சொல்றேன்."

அவர் யோசித்தார். அவளுக்காக உண்மையிலேயே யோசித்துப் பார்த்தார்.

"இப்ப என்னம்மா கேட்கறது," என்றார். "அதான் முடிஞ்சு போச்சே."

அவர் படிப்பைத்தான் சொன்னார். அவளுக்கு அப்படிக் கேட்கவில்லை.